மாறும் ஒளியின் நெடுங்கணக்கு: ஓ.ஜே. 287 இரட்டைக் கருந்துளையும் தமிழகத்து வான்நோக்கு மரபும்

1. ஆய்வுப் பொருள்

கடக ராசியில், சுமார் 350 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது ஓ.ஜே. 287 என்னும் பிளேசார், அதாவது நம்மை நோக்கித் துகள்தாரை பாய்ச்சும் விண்மீன் மண்டல மையம். ஒளியியல் தொலைநோக்கிக்கு அது வெறும் ஒளிப்புள்ளிதான். அதன் மையத்தில் இரண்டு பெருநிறைக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது, ஒளி கூடிக் குறைந்ததைத் தலைமுறைகளாகக் குறித்துவைத்த பதிவுகளின் வழியாகவே. கருவியின் ஆற்றலைப் போலவே பதிவின் தொடர்ச்சியும் ஓர் ஆய்வுக் கருவிதான் என்பதையும், அந்தத் தொடர்ச்சியைப் பேணியதில் தமிழகத்துக்கு நீண்ட மரபு உண்டு என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. சென்னை முதல் காவலூர் வரை

ஒளி மாற்றத்தை அளக்க முதலில் அளவுகோல் வேண்டும். விண்மீன்களின் பொலிவெண்ணுக்கு இன்றும் வழங்கும் கணித வரையறையை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். 1861இல் அவர் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்றார். அங்கே அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார்.

1899இல் வானாய்வுப் பணி பழநி மலைக்கு ஏறியது. திண்டுக்கல் சமவெளிக்கு மேலே, ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானல் ஆய்வகம் சூரியனுக்கானது. தொலைதூர விண்மீன் மண்டலங்கள் அதன் இலக்கல்ல. ஆனால் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து, நூறாண்டுக்கும் மேற்பட்ட தொடர்பதிவை அது சேர்த்தது. இன்று அந்தக் கண்ணாடித் தட்டுகள் எண்மப்படுத்தப்பட்டு, சூரியச் சுழற்சி ஆய்வுக்கு அடிப்படையாக விளங்குகின்றன.

1960இல் கொடைக்கானலின் இயக்குநரான வைணு பாப்பு, இரவு வானுக்கென்று தனியிடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1960களின் இறுதியில் அங்கே பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் அவர் பெயரையே தாங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன.

3. இரட்டைக் கருந்துளைக் கருத்தின் வளர்ச்சி

1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்னும் குவேசாரின், அதாவது மிகப் பொலிவான தொலைதூர விண்மீன் மண்டல மையத்தின், தொலைவைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தட்டுகளைப் புரட்டிய ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லைட்டும் அதன் ஒளி மாறிவந்திருப்பதைக் காட்டினர். விண்மீன் மண்டலங்கள் இணையும்போது அவற்றின் மையக் கருந்துளைகளும் சோடி சேரும் என்று 1980இல் பெகல்மன், பிளாண்ட்ஃபோர்ட், ரீஸ் ஆகிய மூவர் விளக்கினர்.

ஓ.ஜே. 287இன் பழைய பதிவுகள் 1880களின் இறுதிவரை பின்னோக்கிச் செல்கின்றன. அவற்றைத் தொகுத்த சில்லன்பா குழுவினர், ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறை அது பேரொளி வீசுவதை 1988இல் சுட்டினர். 1996இல் லேட்டோவும் வல்டோனனும் இதற்கு ஒரு மாதிரியைத் தந்தனர். சிறிய கருந்துளை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெரியதைச் சூழ்ந்த வாயுத் தட்டை இருமுறை துளைத்துச் செல்கிறது. துளைபட்ட இடத்தில் சூடேறிய வாயு விரிந்து ஒளிர்கிறது. பாதையும் நிலையாக இல்லை. புதன் கோளின் பாதை பொதுச் சார்பியலால் நூற்றாண்டுக்கு 43 விகலை திரும்ப, இங்கோ ஒரே சுற்றில் ஏறத்தாழ 38 பாகை திரும்புகிறது. பேரொளிகள் சீரான இடைவெளியில் வராததன் காரணம் இதுவே.

4. கணிப்பும் சோதனையும்

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் அச்சம்வீடு கோபகுமாரும் லங்கேஸ்வர் டேயும் வல்டோனனுடன் இணைந்து இந்தக் கணக்கைக் கூர்மையாக்கினர். 2018இல் வெளியான அவர்களது மாதிரியில் பெரிய கருந்துளையின் நிறை சூரியனைப் போல் 1,835 கோடி மடங்கு. சிறியது 15 கோடி மடங்கு. அடுத்த பேரொளி 2019 ஜூலை 31இல் வரவேண்டும். அதுவோ ஆடி மாதம். சூரியன் கடகத்தில் இருப்பதால் பூமியிலிருந்து அந்தப் பிளேசாரைப் பார்க்க இயலாது. பூமியை விட்டு வெகுதூரம் விலகியிருந்த ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அதைப் பார்த்தது. கணித்த நேரத்துக்கும் கண்ட நேரத்துக்கும் இடைவெளி நான்கு மணி நேரத்துக்குள் அடங்கியது.

ஆயினும் விவாதம் முடியவில்லை. 2022 அக்டோபரில் எதிர்பார்த்த பேரொளி தென்படவில்லை என்றும், பெரிய கருந்துளையின் நிறை சுமார் 10 கோடி சூரிய நிறைதான் என்றும் ஸ்டெஃபானி கொமோசா குழுவினர் 2023இல் வாதிட்டனர். நூறு மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டைத் தீர்க்கக் கூடுதல் ஆண்டுகளின் இடையறாத அளவீடுகள் தேவை.

இத்தகைய சோடிகளைத் தேடும் இன்னொரு வழி ஈர்ப்பு அலைகள். துடிப்பு விண்மீன்களின் துடிப்பு நேரத்தை ஆண்டுக்கணக்கில் அளக்கும் இந்தியக் குழு, உதகை வானொலித் தொலைநோக்கியையும் புணேக்கு அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியையும் கொண்டு பணியைத் தொடங்கியது. 2023 ஜூன் 29இல் ஐரோப்பியக் குழுவுடன் சேர்ந்து, மிகத் தாழ்ந்த அதிர்வெண் ஈர்ப்பலைகளுக்கான சான்றை அது வெளியிட்டது. பெருநிறைக் கருந்துளைச் சோடிகளே அவற்றின் மூலம் என்பது முதன்மையான விளக்கம்.

5. முடிவுரை

போக்சனின் அளவுகோல், ரகுநாதாச்சாரியின் கண், கொடைக்கானலின் அன்றாடப் பதிவு, பாப்புவின் காவலூர் ஆகிய நான்கும் காட்டும் பாடம் ஒன்றே: இன்று பொருள் விளங்காத அளவீடு நாளை விடையாகலாம். ஓ.ஜே. 287 பெரும்பாலும் 14, 15 பொலிவெண்ணில் இருப்பதால், காவலூர் தொடங்கிய அதே 38 சென்டிமீட்டர் அளவுள்ள தொலைநோக்கியும் மின்னணுக் கேமராவும் அதைப் பின்தொடரப் போதும். அதே படச்சட்டத்தில் விழும் மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டே பொலிவை அளந்துவிடலாம். காந்திகிராமப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட திண்டுக்கல் வட்டாரக் கல்வி நிறுவனங்கள் ஆடி நீங்கலாக ஆண்டுதோறும் இந்த அளவீட்டை மேற்கொண்டு, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். அடுத்த பேரொளியின்போது எந்த மாதிரி சரி என்பதைத் தீர்மானிக்கும் சான்றில் அப்போது இந்த மண்ணின் மாணவர்களுக்கும் பங்கு இருக்கும்.