கள்ளக்குறிச்சி நச்சுச்சாராயச் சாவுகளும் வதந்தி மறுப்பும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுநல எச்சரிக்கை எது, வீண்பீதி எது என்று பிரித்தறிவதில் நேர்ந்த பிழைக்கு இந்நிகழ்வு சான்றாகும்.

மறுப்பு

முதல் சாவுகளின்போது, கள்ளச்சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிருவாகம் அறிவித்தது. அதை நம்பிப் பலர் மேலும் குடித்தனர் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. மெத்தனால் கலந்திருந்தது உறுதியானபின் மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

ஐயத்தின் அடிப்படை

மக்களின் ஐயம் ஆதாரமற்றதன்று. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பலர் இறந்திருந்தனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கப் பல மணிநேரம் ஆகும். தொடக்கத்தில் தோன்றும் வாந்தியும் வயிற்றுவலியும் பிற நோய்களுக்கும் உரியவை.

மலைச்சாராயம்

கல்வராயன் மலையில் வெல்ல ஊறலிலிருந்து காய்ச்சப்படும் சாராயமும் சட்டவிரோதமே, உடலுக்குக் கேடானதே. எனினும் கருணாபுரத்தில் உயிர்பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் உண்மையான நஞ்சு கண்ணுக்குத் தப்பும்.

படிப்பினை

வதந்திக்குச் சான்று கேட்பதுபோல மறுப்புக்கும் சான்று கேட்கவேண்டும். எச்சரிக்கை பொய்யானால் ஒருநாள் குடி தவறும். மறுப்பு பொய்யானால் உயிர்கள் போகும்.