கடவுனு பொரொந்துவ

கடவுனு பொரொந்துவ (உடைந்த வாக்குறுதி) இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படம். காதலும் வாக்குத் தவறுதலும் கலந்த இக்குடும்பக் கதை 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பு, கொட்டாஞ்சேனை மைலன் தியேட்டரில் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. இயக்கியவர் ஜோதிஷ் சிங். தயாரித்தவர் மதுரைத் தமிழரான எஸ். எம். நாயகம்.

நீர்கொழும்பின் மினர்வா நாடகக் குழுவுக்காக பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி, மேடையில் பெரும் வரவேற்புப் பெற்ற நாடகமே படமாயிற்று. இலங்கையில் அப்போது ஸ்டூடியோ கிடையாது. கொழும்பையும் மதுரையையும் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைத்திருந்த காலம் அது. நாயகத்தின் மதுரை சித்ரகலா ஸ்டூடியோவிலேயே படப்பிடிப்பு நடந்தது.

கலை நோக்கில் பார்த்தால் இது பெரிதும் படம்பிடிக்கப்பட்ட நாடகம்தான். நடிகர்கள் சபையைப் பார்த்து நிற்பதுபோல் நின்று வசனம் பேசுகிறார்கள்; உணர்ச்சி உச்சத்தைத் தொடும்போது பாட்டு வந்துவிடுகிறது. சிங்களக் கிராமத்தின் காற்றோ வெயிலோ இதில் இல்லை. அவை திரைக்கு வர 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் படத்தைத் தாங்கி நிறுத்தியது ஒரு குரல்: நாயகி ருக்மணி தேவியின் குரல்.

அவரது இயற்பெயர் டெய்சி ரசம்மா டானியல்ஸ். 1923இல் நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தார். வெள்ளவத்தை சென் கிளேயர்ஸ் பாடசாலையில் படித்தார். 1939இலேயே இசைத்தட்டில் பாடியிருந்த அவருக்கு இப்படம் நாடெங்கும் புகழ் தந்தது. உடன் நடித்த எடி ஜயமான்ன அவரது கணவர். 1978இல் கார் விபத்தில் இறக்கும்வரை சிங்கள ரசிகர்களின் மனங்கவர்ந்த பாடகியாகவே விளங்கினார்.

நாயகம் இத்துடன் நிற்கவில்லை. கந்தானையில் சுந்தரா சவுண்ட் ஸ்டூடியோவை அமைத்து, மதுரைக்கும் சென்னைக்கும் போகாமலே சிங்களப் படம் எடுக்க வழிசெய்தார். நாகர்கோவிலில் பிறந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முன்னோடிகளில் ஒருவரானதும் இந்தத் தொடர்பின் வழியேதான்.

இலங்கையில் உருவான முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல்தான் வந்தது. இலங்கைத் திரையில் தமிழரின் பங்கை எழுத முனைவோர் அந்த ஆண்டிலிருந்து தொடங்குவது போதாது. 1947இன் கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்க வேண்டும்.