வலியறியாத கைகள்

நாமக்கல் மாவட்டத்திலே, கொல்லிமலையின் அடிவாரத்தில் காரவள்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மேலேறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சேர்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது என்பதை இலக்கிய மாணவர் அறிவர். மூலிகை தேடுவோர்க்கும் அது பழக்கமான மலையே. ஆயினும், மனித உடலின் நரம்பு மண்டலத்தை அறிந்துகொண்ட வரலாற்றில் அம்மலைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல முற்படுகிறேன்.

சாலை இல்லாத நாட்களில் கொல்லிமலைக்கு நடந்தே ஏறவேண்டும். இயலாதவரை டோலியில் தூக்கிச் செல்வர். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கவும் தயங்கினர். அக்காலத்தில் ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயச் சமயத் தொண்டரும் அவர் மனைவி ஈவ்லினும் மலைமேல் குடியேறினர். ஜெஸ்ஸி மருத்துவத்தில் சிறிதளவே பயிற்சி பெற்றவர். எனினும் மலைவாழ் மக்களுக்குப் பல் பிடுங்கவும், புண்ணுக்கு மருந்திடவும், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை. 1914இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டு, மரம் ஏறியும் ஓடையில் குளித்தும் ஒன்பது வயதுவரை அங்கேயே வளர்ந்தான்.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவ்வீட்டிற்கு வந்தனர். தந்தையார் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கையுறை அணிந்து, அம்மூவரின் கால் புண்களைக் கழுவிக் கட்டினார். நோயாளிகள் யாரையும் தொட அஞ்சாத தந்தை இவர்களைத் தொடுவதற்கு மட்டும் கையுறை தேடியது சிறுவனின் மனத்தில் பதிந்துவிட்டது. பால் 1923இல் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929இல், மலேரியாவின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் தந்தையார் மலையிலேயே இறந்தார்.

அந்தக் கால் புண்களுக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பு, மலைமேல் இருந்தவர்க்கு மட்டுமன்று, மருத்துவ உலகத்துக்கே அன்று முழுதும் விளங்கவில்லை. அதனை விளங்கிக்கொள்ள நரம்பு மண்டலத்தின் அமைப்பைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையும், முதுகெலும்பின் நடுவே இறங்கும் தண்டுவடமும் இம்மண்டலத்தின் தலைமை நிலையங்கள். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் கிளைக்கின்றன. நரம்பு என்று நாம் சொல்வது ஒரே கம்பியன்று. ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் சேர்ந்த கட்டு. அவ்விழைகளில் சில, தோலும் தசையும் அறிந்ததை உள்ளே கொண்டு செல்வன. இவை உணர்ச்சி இழைகள். வேறு சில, உள்ளிருந்து வரும் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டு செல்வன; இவை இயக்க இழைகள். போகும் வழியும் வரும் வழியும் ஒரே கட்டில் அடங்கியிருப்பதால், அக்கட்டுக்கு நேரும் கேடு இரண்டையும் தாக்கும்.

செய்தி செல்லும் வேகமும் ஒரே தன்மையதன்று. கால் பெருவிரலைக் கல்லில் இடித்துக்கொண்டவர் நினைத்துப் பார்க்கட்டும்: முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலி; சற்றுப் பொறுத்து, மெல்லப் பரவும் இன்னொரு வலி. முன்னது நொடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகமுள்ள இழைகளில் வருவது. பின்னது நொடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும் மெல்லிழைகளில் வருவது. சூடான பாத்திரத்தில் கை பட்டால், மூளை வலியை உணர்வதற்கு முன்னரே தண்டுவடம் கட்டளையிட்டுக் கையை இழுத்துவிடுகிறது. இதனை அனிச்சைச் செயல் என்பர். நாம் கேளாமலே நமக்குக் கிடைத்திருக்கும் காவல் இது.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டார். அக்கிருமி மற்றக் கிருமிகளைப் போன்றதன்று; நரம்பிழையைச் சுற்றி உறைபோல் அமைந்த உயிரணுக்களுக்குள்ளேயே அது குடிபுகுகிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும், நோயாளியின் விரல்கள் மடங்குவதும் தேய்ந்து குறைவதும் சதை அழுகுவதனால்தான் என்று மருத்துவரும் நம்பினர், ஊராரும் நம்பினர். இது வெறும் தவறான கொள்கையாக நின்றிருந்தால் கேடில்லை. அழுகும் உடலுக்கு அறுவை செய்வதில் பயனில்லை என்று அந்தக் கைகளைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதே கொடுமை.

லண்டனில் முதலில் கட்டட வேலையும் தச்சும் பயின்று, பின்னர் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரான பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோய் வல்லுநரான டாக்டர் ராபர்ட் காக்ரேன், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றார். அங்கே நகம்போல் வளைந்து மடங்கிய கைகளைக் கண்ட பிராண்டு, ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்துமாறு சொன்னார். வலுவற்ற பிடியையே அவர் எதிர்பார்த்தார். அந்த மனிதரோ, நகங்கள் பதிய, பிராண்டு வலி தாங்காமல் துடிக்கும்படி இறுக்கினார். தம் பிடி எவ்வளவு வலியது என்பது அவருக்கே தெரியவில்லை. அந்தக் கையில் உணர்ச்சி இல்லை!

செத்த கை என்று சொன்னார்களே, அதில் இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? விடை தேடிப் பிராண்டும் அவர் தோழர்களும், இறந்துபோன ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளைத் தோள் முதல் விரல் வரை பிரித்துப் பார்த்தனர். கேடு விரலில் தொடங்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முழங்காலருகே என்று குறித்த சில இடங்களில் மட்டும் நரம்பு தடித்து வீங்கியிருந்தது. அவ்விடங்களுக்கெல்லாம் பொதுத்தன்மை ஒன்றே: அங்கே நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, ஆகவே அங்கே வெப்பம் குறைவு. உடலின் உள்வெப்பம் 37 பாகை. கிருமியோ 30 முதல் 33 பாகை வரையுள்ள இடத்தையே விரும்பும்.

முழங்கையின் உட்புறத்தை நாற்காலியில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அது அல்நார் நரம்பு. உள்ளங்கையின் சிறு தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோவது பெரும்பாலும் அதுவே. அது கெட்டதும் அத்தசைகள் சோர, விரல்கள் மடங்குகின்றன. ஆனால் முன்கையின் பெருந்தசைகளுள் பெரும்பாலானவற்றை இயக்கும் கிளைகள், ஆழத்திலே, கதகதப்பான சதைக்கு நடுவே பிரிகின்றன, அவை பிழைத்துக்கொள்கின்றன. அந்த இறுக்கமான பிடியின் இரகசியம் இதுதான்.

பிழைத்த தசை ஒன்று உண்டென்றால் அதனைக் கொண்டு வேலை வாங்கலாம் அல்லவா? ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உள்ளன. ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று போதும். மோதிர விரலின் ஒரு நாணை விடுவித்து, அதனைப் பல கிளைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியே செலுத்தி, செயலிழந்த சிறு தசைகளின் இடத்தில் பொருத்தும் அறுவையை அவர் 1940களின் இறுதியில் செய்யத் தொடங்கினார். தச்சு கற்ற கை அதற்குத் துணை நின்றது என்று நினைக்கத் தோன்றுகிறது.

கத்தியோடு வேலை முடிவதில்லை. மோதிர விரலை மடக்கென்று மூளை அனுப்பி வந்த கட்டளை இப்பொழுது நான்கு விரல்களை வேறு விதமாக அசைக்கிறது. நோயாளி தன் கையைப் பார்த்துப் பார்த்து, வாரக்கணக்கில் பழகி, மூளைக்குப் புதுப் பாடம் கற்பிக்க வேண்டும். மூளைப் புறணியில் கைக்கென ஒதுங்கிய பரப்பு, முதுகு முழுதுக்கும் உள்ளதைவிடப் பெரியது என்று காட்டியவர் கனடாவின் மான்ட்ரியால் நகரத்து டாக்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் அதே வேலூர்க் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். மூளையில் ஒரு சாராரும் விரலில் ஒரு சாராருமாக, ஒரே மண்டலத்தின் இரு முனைகளில் நம் நாட்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பணி தொடங்கியது.

திருந்திய கைகளோடு சென்றவருள் சிலர் திரும்பி வந்தனர். மடங்கிய கைக்குப் பிச்சை கிடைத்தது. இப்போது பிச்சையும் இல்லை, நோயாளி என்று அறிந்தவர் வேலையும் தருவதில்லை என்பது அவர்கள் முறையீடு. ஆகவே கல்லூரி வளாகத்தில் குடிசைகள் அமைத்து ‘நவஜீவ நிலையம்’ தொடங்கி, அங்கே தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தனர்.

உண்மை முழுதும் வெளிப்பட்டது அந்தத் தொழிற்கூடத்தில்தான். திருத்திய விரல்களில் நாள்தோறும் புதுப் புண்கள்! பிராண்டு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சுத்தியலின் பிளவுபட்ட பிடி. அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்த பாத்திரம். விரலிடுக்கில் எரிந்து முடிந்த பீடி. துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. ஒரு சிறுவன் ஓடிவந்து சாவியைத் திருகித் திறந்தான். கையைப் பார்த்தால், விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. சிறுவன் முகம் சுளிக்கவும் இல்லை. இரவில் விரல் காணாமற்போனவர்களைக் காவல் இருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது; உறங்குபவர் விழிக்கவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

விரல்கள் அழுகி விழவில்லை. காயம்பட்டு, சீழ்பிடித்து, எலும்பு கரைந்து, சிறிது சிறிதாகக் குறைந்தன. கண்ணிலும் இதே கதைதான் என்பதை அவர் மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்டு கண்டார். கருவிழிக்கு உணர்ச்சி போனால் இமைக்க வேண்டும் என்ற தூண்டுதல் எழுவதில்லை. முக நரம்பு கெட்டாலோ இமை மூடுவதே இல்லை. உலர்ந்தும் தூசு படிந்தும் கண் பார்வை இழக்கிறது.

அறுவையால் இயக்கத்தை மீட்க முடிந்தது. உணர்ச்சியை மீட்க முடியவில்லை. நன்றாக வேலை செய்யும் கை, மடங்கிய கையைவிட மிகுதியாகக் காயப்பட்டது. நாண் ஒன்றை இடம் மாற்றுவது போல வலியை மாற்றி வைக்க வழியில்லை. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, செயற்கை வலியை உண்டாக்கவும் முயன்றார். அழுத்தம் மிகும்போது காதில் ஒலியெழுப்பும் கையுறைகளைப் பொறியாளர்கள் செய்தனர். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்குப் பதில் உணர்ச்சியுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்தனர். அவர்களோ, கடினமான வேலை வந்ததும் கருவியை அணைத்துவிட்டு, முடிந்தபின் மீண்டும் போட்டுக்கொண்டனர். இயற்கை தந்த வலிக்கு அத்தகைய விசை இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. பிராண்டு 2003இல் மறைந்தார்.

1981 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் தொழுநோய் இன்று முற்றும் தீர்க்கக்கூடியதே. உணர்ச்சி குன்றிய ஒரு வெளிறிய தேமலைக் கண்டவுடன் மருத்துவரிடம் சென்றால் நரம்பு பெரும்பாலும் கெடாமல் தப்பும். காலம் தாழ்ந்து வந்தவருக்கோ, கிருமி ஒழிந்தாலும் உணர்ச்சி மீள்வது அரிது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தோன்றிய தொழுநோய் ஆய்வு மருத்துவமனையில், அத்தகையோர்க்கென நுண்துளை ரப்பரால் மெத்தென்ற செருப்புகள் செய்யப்பட்டன. அவர்களுக்குக் கற்பித்த பழக்கம் ஒன்றுண்டு: நாள்தோறும் கால்களை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலைக் கண்ணாடியில் காட்டி, முள்ளோ கொப்புளமோ சிவப்போ உண்டா என்று விரல் விரலாகக் கண்ணால் பார்த்தல். நரம்பு ஒரு நொடியில் சொல்லிவிடும் செய்தியைக் கண் தேடிப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது.