சிம்சன் அண்ட் டிலைலா

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் 'தி சிம்சன்ஸ்' அசைபட நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பருவத்து அத்தியாயம். 1990 அக்டோபர் 18 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஜான் விட்டி. இயக்கியவர் ரிச் மூர். விவிலியத்தில், முடியில் வலிமை கொண்ட சிம்சோனின் கதையைத் தலைப்பு நினைவூட்டுகிறது.

வழுக்கைத் தலையரான ஹோமர், 'டைமாக்சினில்' என்னும் விலை உயர்ந்த மருந்தை அலுவலகக் காப்பீட்டுக் கணக்கில் முறைகேடாக வாங்கித் தடவுகிறார். மறுநாளே அடர்ந்த முடி. அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் உடனே பதவி உயர்வு தருகிறார். உதவியாளர் கார்ல் ஹோமருக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறார். முறைகேடு வெளிப்பட்டதும் கார்ல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வேலையை இழக்கிறார். தாடி வளர்க்க ஆசைப்பட்ட மகன் பார்ட் மருந்தைக் கொட்டிவிட, ஹோமரின் முடியும் போகிறது.

அத்தியாயத்தின் உச்சம் அடுத்து வரும் கூட்டம். சாதனைகள் முடியால் வந்தவை அல்ல என்று கார்ல் தேற்றி அனுப்ப, ஹோமர் நன்றாகவே பேசுகிறார். ஆனால் வழுக்கைத் தலையைப் பார்த்ததுமே அவையினர் அவரை மதிக்க மறுக்கிறார்கள். தன்னை ஏற்றுக்கொண்டால் உலகமும் ஏற்கும் என்ற எளிய ஆறுதலை விட்டிவிடம் காண முடியாது. இந்த நேர்மையே படைப்பின் பலம். தானும் வழுக்கையரான பர்ன்ஸ் இரங்கிப் பழைய வேலையைத் தருகிறார். மனைவி மார்ஜின் அன்பில் மாற்றமே இல்லை.

கார்லுக்குக் குரல் கொடுத்தவர் நாடகாசிரியரும் நடிகருமான ஹார்வி ஃபையர்ஸ்டீன்.