ஏட்டில் ஏறாத துப்பாக்கி

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது நாமறிந்த கதை. அதிலுள்ள ஒரு முரணை அதிகம் பேசுவதில்லை. தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து திருநெல்வேலி கலெக்டரான ஆஷ், மாவட்ட மாஜிஸ்திரேட்டும்கூட. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி உரிம ஏடு அப்பதவியின் பொறுப்பில் இருந்தது. இந்தியர் உரிமம் பெற்றாக வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. ஏட்டின் காவலரை வீழ்த்திய பெல்ஜியத்து பிரௌனிங் எந்த ஏட்டிலும் ஏறாதது. புதுச்சேரி வழியே வந்தது என்பர்.

இன்று நம் உரிமதாரர் விவரங்கள் தேசியத் தரவுத்தளத்தில் உள்ளன. அமெரிக்காவிலோ 1986ஆம் ஆண்டுச் சட்டம் மைய அரசு அத்தகைய பதிவேடு தொடங்குவதையே தடுக்கிறது. காவல்துறை துப்புத் துலக்க ஏடு தேவைதான். ஆனால் மணியாச்சிக் காலத்து ஏட்டில் யார் பெயர் ஏறும், யார் அதைப் பார்ப்பார் என்பதை ஆள்வோரே தீர்மானித்தனர். ஆகவே, ஏட்டை யார், எதற்காகப் புரட்டினார் என்பதும் பதிவாக வேண்டும்.