இடிபாட்டை விட்டுக்கொடுக்காத பெர்லின்

1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் மேற்கு ஜெர்மனி எழுப்பிய அரங்கைப் பார்த்தவர்களுக்கு, இருபத்தோராண்டு முந்தைய இன்னோர் அரங்கு நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. 1937-இல் பாரிஸில், ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட் ஷ்பேர் நிறுத்திய கல் போர்த்திய கோபுரம், உச்சியில் கழுகைச் சுமந்துகொண்டு எதிரே இருந்த சோவியத் அரங்கை முறைத்தபடி நின்றது. பிரஸ்ஸல்ஸில் எகோன் ஐயர்மானும் ஸெப் ரூஃபும் அமைத்தவையோ எட்டுக் கூடங்கள். மெல்லிய எஃகுத் தூண்களும் கண்ணாடியுமாக, பூங்காவின் மரங்களுக்கிடையே நடைபாதைகளால் இணைந்து நின்றன. தோற்ற நாடு அடக்கத்தோடு திரும்பி வந்திருக்கிறது என்று உலகம் அதைப் புரிந்துகொண்டது. போருக்குப் பிந்தைய ஜெர்மன் நவீனத்துவத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் இந்த விளக்கமே முதலில் வருகிறது. ஆனால் ஐயர்மானின் மற்ற வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் இது பாதி உண்மைதான்.

1904-இல் பாட்ஸ்டாம் அருகே பிறந்து, பெர்லினில் ஹான்ஸ் பொயெல்ஸிகிடம் பயின்ற ஐயர்மான், மெல்லிய கோட்டையும் கண்ணாடிப் பரப்பையும் போருக்குப் பிறகு கண்டுபிடித்தவர் அல்லர். 1938-39-இல் அபோல்டாவில் தீயணைப்புக் கருவித் தொழிற்சாலை ஒன்றை அவர் விரிவாக்கியபோதே அந்தக் கைவண்ணம் முழுமையாக வெளிப்பட்டுவிட்டது. அரசு மாளிகைகளுக்குக் கல்லும் தூண்வரிசையும் கேட்ட நாஜி ஆட்சி, தொழிற்சாலைகளில் நவீன வடிவத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது. அந்த இடைவெளியில்தான் அவர் பிழைத்தார், வளர்ந்தார். 1937-இல் பெர்லினில் அதே ஆட்சி நடத்திய பிரசாரக் கண்காட்சிக்கும் மண்டபம் வடிவமைத்துக் கொடுத்தார். அவருடைய பாணி நேர்த்தியான தொழில்திறன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆட்சி மாறியபோது மாறாத ஒரு பாணியை, ஆட்சி மாற்றத்தின் மனசாட்சியாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் நிற்கிறது. 1945 பிப்ரவரி 23 அன்று ஒரே மாலை நேரக் குண்டுவீச்சில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஊர் அது. அங்கே 1951-53-இல் ஐயர்மான் கட்டிய மத்தேயு தேவாலயத்தின் சுவர்கள், வண்ணக் கண்ணாடி பதித்த கான்கிரீட் கற்களால் ஆனவை. அந்தக் கற்களை வார்க்க, நொறுங்கிய நகரத்தின் இடிபாட்டையே பொடித்துச் சேர்த்தார்கள். இறந்தகாலத்தைத் தொடத் தெரியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயினும் அங்கே இடிபாடு மூலப்பொருளாகக் கரைந்துவிட்டது. எதிரே நின்று கேள்வி கேட்கவில்லை. அப்படிக் கேள்வி கேட்கும் இடிபாடு பெர்லினில்தான் அவருக்கு வாய்த்தது.

ஃபிரான்ஸ் ஷ்வெக்டன் கட்டி 1895-இல் திறக்கப்பட்ட கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம், 1943 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்தது. 113 மீட்டர் உயர்ந்த அதன் கோபுரம் தலையுடைந்து நின்றது. புதிய தேவாலயத்துக்கான போட்டியில் 1957-இல் வென்ற ஐயர்மானின் திட்டத்தில் அந்த இடிபாட்டுக்கு இடமே இல்லை. முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதாகவே அவர் வரைந்திருந்தார். செய்தி வெளியானதும் மேற்கு பெர்லின் கொதித்தது. செய்தித்தாள்களில் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் கோபுரம் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் திட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இடிந்த கோபுரத்தை நடுவில் விட்டு, அதன் இருபுறமும் எண்கோணத் தேவாலயத்தையும் அறுகோண மணிக்கோபுரத்தையும் அமைத்தார். 1961 டிசம்பர் 17 அன்று, பெர்லின் சுவர் எழுந்த நான்கே மாதத்தில், தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

நிபந்தனையை ஏற்ற பிறகு அவர் காட்டிய திறமைக்கு முழு மதிப்பும் கொடுக்க வேண்டும். தேவாலயத்துக்கு இரண்டு சுவர்கள். நடுவே இரண்டு மீட்டருக்கும் அதிகமான இடைவெளி. வெளியே இரைச்சலான பெருஞ்சாலை. அதன் ஓசை அந்த இடைவெளியிலேயே அடங்கிவிடுகிறது. இரவில் அங்கே எரியும் விளக்குகள் உள்ளேயும் வெளியேயும் சுவரை ஒளிரச் செய்கின்றன. சுவர் முழுவதும் சதுரச் சதுரமாகக் கான்கிரீட் கட்டங்கள். அவற்றில் பிரான்சின் ஷார்த்ர் நகரக் கண்ணாடிக் கலைஞர் கப்ரியேல் லுவார் செய்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள். தடித்த கண்ணாடியைச் சுத்தியலால் கொத்தி உடைத்ததால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் ஒளியை வெவ்வேறாக முறிக்கிறது. அடர்நீலத்துக்கிடையே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அங்கங்கே தெறிக்கின்றன. அந்த நீலத்திலிருந்து வெளியே வந்து எரிந்த கோபுரத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே பொருள் தருகின்றன. அந்தச் சேர்க்கை அவருடைய முதல் வரைபடத்தில் இல்லை.

எந்தக் கட்டடக் கலைஞரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே வேலை செய்கிறார், இதைத் தனியாகச் சுட்டுவது ஏன் என்று கேட்கலாம். ஸ்டுட்கார்ட்டில் நடந்ததால்தான். அங்கே எரிக் மெண்டல்ஸோன் கட்டி 1928-இல் திறக்கப்பட்ட ஷாக்கன் பல்பொருள் அங்காடி, அரைவட்டக் கண்ணாடிப் படிக்கட்டுக் கோபுரத்தோடு ஐரோப்பிய நவீனத்துவத்தின் முதல்வரிசையில் நின்றது. மெண்டல்ஸோன் யூதர், 1933-இல் நாட்டைவிட்டு வெளியேறியவர். அங்காடியின் யூத உரிமையாளர்களும் நாஜி ஆட்சியில் நிறுவனத்தை இழந்தார்கள். போரைக் கடந்தும் நின்ற அந்தக் கட்டடத்தை, வெளிநாட்டிலிருந்தும் எழுந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1960-இல் இடித்தார்கள். அங்கே எழுந்த புதிய அங்காடிக்கு வரைபடம் தந்தவர் ஐயர்மான். ஒரே அச்சில் செய்த ஓடுகளை அடுக்கி முகப்பை மூடினார். சாலையை அகலப்படுத்த வேண்டியிருந்தது, முடிவு நகராட்சியுடையதும் உரிமையாளருடையதும் என்பார்கள். உண்மைதான், இடித்த பழி முழுவதையும் அவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் நவீனக் கட்டடக்கலையின் அருமை தெரிந்த ஒருவர், அதன் தலைசிறந்த சான்றுகளில் ஒன்று போன இடத்தில் கட்ட ஒப்புக்கொண்டார். அங்கே அவரைத் தடுக்கும் வலிமை எதிர்த்தவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

ஐயர்மான் 1970-இல் இறந்தார். வாஷிங்டனின் ஜெர்மன் தூதரகமும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்காகப் பான் நகரில் எழுப்பப்பட்ட அலுவலகக் கோபுரமும் அவர் கைத்திறனுக்குச் சான்றாக நிற்கின்றன. அவர் 1953-இல் வடிவமைத்த மேசைச் சட்டத்தை இன்றும் வாங்குகிறார்கள். இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது பெர்லின் தேவாலயமே என்பது என் முடிவு. அந்தப் பெருமையில் சரிபாதி, அவருடைய முதல் திட்டத்தை ஏற்க மறுத்துக் கடிதம் எழுதிய பெர்லின் மக்களுக்கு உரியது.