எல்விஸ் மீது ஒரு வழக்கு

1957 அக்டோபர் மாதம். அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பெயரைக் கேட்டாலே வீடு இரண்டுபட்டது. பிள்ளைகள் துள்ளினார்கள், பெற்றோர் முகம் சுளித்தார்கள். இடுப்பை ஆட்டிப் பாடி இளசுகளைக் கெடுக்கிறான் என்று பாதிரியார்கள் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நேரம். அப்படிப்பட்டவர் கிறிஸ்து பிறப்புக்கு ஒரு முழு எல்.பி. இசைத்தட்டு வெளியிட்டால் என்ன ஆகும்?

ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் அதைத்தான் செய்தது. அக்டோபர் 15 அன்று 'எல்விஸ் கிறிஸ்துமஸ் ஆல்பம்' கடைகளுக்கு வந்தது. பாடியவருக்கு வயது 22.

கோபம் வந்த இடம்தான் விசித்திரம். சென்ற வாரம் பிங் கிராஸ்பியின் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பிறந்த கதையைப் பார்த்தோம். கிராஸ்பி அதை 1942-இல் பதிவு செய்தார். அச்சுத்தகடு தேய்ந்துபோகும் அளவுக்குத் தட்டுகள் விற்று, 1947-இல் மறுபடியும் பாட வேண்டியிருந்தது. அந்தப் பாட்டை எழுதிய இர்விங் பெர்லினுக்கு இப்போது 69 வயது. எல்விஸின் தட்டில் அதே பாட்டைக் கேட்டவர் கொதித்துப் போனார். இதை ஒலிபரப்பாதீர்கள் என்று வானொலி நிலையங்களைக் கேட்டுக்கொள்ளும்படி தம் அலுவலகத்தை ஏவினார் என்பது பெர்லினின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் செய்தி. கனடாவில் பல நிலையங்கள் தட்டைத் தொடவே மறுத்தன. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இதைப் போட்ட அறிவிப்பாளருக்கு வேலை போனதாகப் பத்திரிகைகள் எழுதின. அது நிலையமே நடத்திய விளம்பர நாடகம் என்றும் பின்னாளில் பேச்சு உண்டு.

அப்படி என்னதான் செய்துவிட்டார் எல்விஸ்? கிராஸ்பி தாலாட்டுப் போலப் பாடியதை, கொஞ்சம் விக்கலும் கொஞ்சம் வழுக்கலுமாகப் பாடினார். அவ்வளவுதான். அதுவும் அவர் கண்டுபிடித்த பாணி அல்ல. 'டிரிஃப்டர்ஸ்' என்ற கறுப்பினக் குழு 1954-இலேயே 'ஒயிட் கிறிஸ்துமஸை' இப்படிப் பாடியிருந்தது: அடிக்குரலில் பில் பிங்க்னி தொடங்க, உச்சக்குரலில் கிளைட் மெக்ஃபாட்டர் வந்து சேர்வார். எல்விஸ் பாடியது அந்த அமைப்பை அடியொற்றித்தான். டிரிஃப்டர்ஸின் தட்டு ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அப்போது ஒரு கூச்சலும் எழவில்லை. ஏனென்றால் அது பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கான நிலையங்களில் ஒலித்தது. வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்கு எட்டவில்லை. எல்விஸ் அதே பாட்டை அந்த வரவேற்பறைக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். பக்தி கெட்டுவிட்டது என்று சொன்னவர்களுக்கு உறுத்தியது பக்தி அல்ல என்பதே என் எண்ணம். 'ஒயிட் கிறிஸ்துமஸில்' ஏசுவின் பெயரே வராது. எழுதியவர் ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்த யூதர். ஆனாலும் பெர்லினை முற்றிலும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருடைய கைக்குழந்தை இறந்தது 1928-இல், கிறிஸ்துமஸ் நாளன்று. அந்தப் பண்டிகை அவருக்கு வெறும் வியாபாரமாக இருந்திருக்க முடியாது.

ஆல்பத்தின் கிறிஸ்துமஸ் பாடல்கள் எட்டும் அந்த ஆண்டு செப்டம்பர் 5 முதல் 7 வரை ஹாலிவுட்டின் ரேடியோ ரெக்கார்டர்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயின. கிடார் ஸ்காட்டி மூர், பாஸ் பில் பிளாக், டிரம்ஸ் டி.ஜே. ஃபொன்டானா, பின்னணிக்கு ஜோர்டனேர்ஸ் குழு. இன்னொரு பாட்டு வேண்டும் என்றதும், கூடத்திலிருந்த ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் சில நிமிடங்களில் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா கலைமான் வண்டியை விட்டுவிட்டுக் காடிலாக் காரில் வருவார்! ஆல்பத்தின் முதல் பாட்டே அதுதான்.

'புளூ கிறிஸ்துமஸ்' வேறு ரகம். எர்னஸ்ட் டப் ஏற்கெனவே பாடிப் புகழ் சேர்த்துவிட்ட பாட்டு. எல்விஸுக்கு அதில் விருப்பமில்லை. விளையாட்டாகப் பாடித் தள்ளுவோம் என்று எல்லோரையும் தூண்டிவிட்டார். கர்ப்பிணியாக வந்திருந்த பாடகி மில்லி கிர்க்கம் பாட்டு முழுக்க 'ஊ... ஊ...' என்று இழுத்தார். நிறுவனம் இதை வெளியிடவே வெளியிடாது என்று எல்லோரும் சிரித்ததாக மில்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இன்று அந்த 'ஊ' இல்லாமல் அமெரிக்காவில் டிசம்பர் பிறப்பதில்லை.

தட்டைத் திருப்பிப் போட்டால் வேறொரு எல்விஸ். 'சைலன்ட் நைட்' உள்ளிட்ட இரண்டு பிறப்புப் பாடல்கள், அவற்றோடு ஜனவரியில் பதிவான நான்கு பக்திப் பாடல்கள். அவற்றில் இரண்டு, கறுப்பின தேவாலய இசையின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சி எழுதியவை. 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' என்பதை டார்சி 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த துயரத்தில் எழுதினார். இன்னொன்றான 'பீஸ் இன் த வேலி'யை எல்விஸ் ஜனவரி 6 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியிருந்தார். கேமரா அவரை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டிய அதே இரவு! டூப்பலோவின் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த பையன் அவர். இந்தப் பாடல்களில் குறும்பு துளியும் கிடையாது. தடை கேட்டவர்கள் இந்தப் பக்கத்தைப் பொறுமையாகக் கேட்டிருந்தால் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்திருக்கும்.

தடையால் விற்பனைக்கு ஒன்றும் ஆகவில்லை. பில்போர்டு பட்டியலில் ஆல்பம் முதலிடத்துக்கு ஏறியது. கிரேஸ்லேண்ட் மாளிகையில் எல்விஸ் கொண்டாடிய முதல் கிறிஸ்துமஸும் அதுதான். பண்டிகைக்குச் சில நாள் முன்பு ராணுவத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. 1970-இல் சில பாடல்களை மாற்றி மலிவு விலையில் மறுபடி வெளியிட்ட பதிப்புக்கு, 2011-இல் ஒரு கோடிப் பிரதிக்கான அமெரிக்க 'டயமண்ட்' சான்று கிடைத்தது. வழக்கில் யார் வென்றார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அடுத்த வாரம், 1963 நவம்பர் 22 அன்று வெளியான ஒரு கிறிஸ்துமஸ் தட்டு. அதே நாளில்தான் கென்னடி சுடப்பட்டார்.

(தொடரும்)